இருபத்தெட்டு வீடுகளும் ஒரு நத்தையும்

கம்ப்யூட்டருக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். பத்து கம்ப்யூட்டர், பத்து உறை. இளநீலத் துணி, கீழே இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கு. அளவு சொன்னது எதிர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. அவர் கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். அதனால் தெருவில் அவருக்கு விசிலம்மா என்று பெயர். அவர் காதுபட யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

"தூசி ஒரு துளி உள்ளே போகக் கூடாது. ஆனா பார்க்க லட்சணமா இருக்கணும்" என்றார்.

"பிள்ளைங்க கை வைக்கறப்போ கழட்டித்தானே ஆகணும்மா?"

"கை வைக்கறதா? யாரு?" என்று கேட்டார். எனக்கு ஊசியில் நூல் கோக்க மறந்துபோயிற்று.

பள்ளி திறந்த வாரத்தில் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. உறைகள் முடிய ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. உறை வந்த பிறகு உறையைப் பார்த்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. தையலுக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் ஜன்னலோரம்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே கம்ப்யூட்டர் அறையின் ஜன்னல் இருப்பது நான் செய்த குற்றமா? தெரு குறுகலாகப் போனதும் என் குற்றமில்லை. அது போக, என் தங்கை மகள் அந்த ரெண்டாம் வகுப்பில்தான் படிக்கிறாள். தங்கை மருத்துவமனை வேலையை முடித்துவிட்டு வரும்வரை அவள் என் வீட்டில் இருப்பாள். ஒல்லி, ஆனால் குத்துவதில் குறைவில்லை. நான் வைத்த பெயர் குண்டூசி. இன்னும் ஒன்று, அந்த வகுப்பு டீச்சர் என் மாடியறையில்தான் வாடகைக்கு இருக்கிறாள். ஆக, அந்த வகுப்பில் யாருக்காவது தும்மல் வந்தால் மூன்று வழியாக எனக்குச் செய்தி வரும்.

டீச்சர் நல்லவள். நல்லவள் என்பதால் இரண்டு வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கிறாள். வருடக் கடைசியில் "போயிட்டு வாம்மா" என்பார்கள், வருட ஆரம்பத்தில் "வாம்மா" என்பார்கள். நிரந்தரமானால்தான் ஊழியர் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடம். அவளுடைய ஐந்து வயது மகன் ஆறு மணி நேரப் பயணத்தில், அவள் அக்கா வீட்டில் வளர்கிறான். மாதத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பாள். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்து, "சாப்பிட்டியா? எங்கே, வாயைக் காட்டு" என்பாள். அவன் வாயைக் காட்டுவான். எனக்குக் கீழிருந்தே பல் எண்ணிக்கை தெரியும்.

இந்த வருடம் விசிலம்மா அவளைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாராம்: "வருஷக் கடைசியில முதலாளி கண்காட்சி பார்க்க வர்றார். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம் காட்டணும். நல்லா அமைஞ்சா உன் நிரந்தர வேலை உத்தரவுல அன்னைக்கே கையெழுத்து. அமையலைன்னா… எங்க அண்ணன் பொண்ணும் படிப்பை முடிச்சுட்டு வீட்டுலதான் இருக்கா."

முதலாளி என்றால் பள்ளியை நடத்துகிறவர். பிளாஸ்டிக் குழாய் விற்றுப் பெரிய ஆளானவர். கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டவரும் அவர்தான்.

ஆக, உறையைக் கழற்ற வேண்டியதாயிற்று.

முதல் பாடத்தை நான் ஒரு தையல்கூடப் போடாமல் பார்த்தேன். செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்கக் கால் மணி நேரம். கை கழுவக் கால் மணி நேரம். உறையை நான்காக மடித்து மேசையின் இடது ஓரத்தில் வைக்க இன்னொரு கால் மணி நேரம். மீதிக் கால் மணி நேரத்தில் ஒரு பையன் மவுஸைக் காதில் வைத்து "ஹலோ" சொல்லிப் பார்த்தான். இன்னொருத்தி அதைத் தூக்கித் திரையிலேயே தேய்த்தாள். மருந்துக்கடைக்காரர் மகன் மவுஸை இழுத்துக்கொண்டே போய்ச் சுவரில் முட்டி நின்று, "டீச்சர், மேசை தீர்ந்துபோச்சு!" என்று கத்தினான்.

"தூக்கி நடுவுல வச்சுக்கோடா, மறுபடி மேசை கிடைக்கும்" என்றாள் டீச்சர். சிரிக்காமல் சொன்னாள். அதற்கே அவளுக்கு உத்தரவு கொடுத்திருக்கலாம்.

அவளுக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இயந்திரங்களைப் பொருத்த வந்தவர் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். விளக்கப் புத்தகத்தை விசிலம்மா பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், அழுக்காகிவிடுமாம். படம் வரையும் மென்பொருளில் திரையைத் திறந்ததும் இருபத்தெட்டுக் கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளையின் பெயர். கட்டத்தை அமுக்கினால் அந்தப் பிள்ளையின் தாள் திறக்கும். பெயர்களை அடித்து வைத்தவர் பொருத்த வந்தவர்தான். "ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம், அவ்வளவுதாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தாளின் ஓரத்தில் தூரிகை, பெயின்ட் வாளி, ரப்பர் எல்லாம் உண்டு. கீழ்மூலையில் ஒரு நத்தை.

பிள்ளைகள் இரண்டு மாதத்தில் அந்த மென்பொருளை ஆட்டிப் படைத்தன. அவர்களிடம் யாரும் "வீடு வரை, மரம் வரை" என்று சொல்லவில்லை. "உனக்குத் தெரிஞ்சதை வரை" என்றாள் டீச்சர். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? வீட்டில் நடப்பதுதான் தெரியும்.

அந்தத் திரைகளை நான் ஜன்னலிலிருந்து பார்க்க முயன்றேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடி வெளிச்சத்தில் பளபளத்தது. ஒன்றும் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு எரிச்சல் வந்ததில்லை.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது விசிலம்மா அறைக்குள் வந்தார். பத்துத் திரைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அன்று சாயங்காலம் டீச்சர் படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள்.

"நாய் ஏன் ஊதாக் கலர்லன்னு கேட்டாங்கக்கா. ஊதாப் பெயின்ட்ல உருண்டு வந்ததும்மான்னு பிள்ளை சொல்லிச்சு. உண்மைதானாம், அது அவங்க வீட்டு நாய்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்களை யாரோ வரைஞ்சிருந்தாங்க. வாய் மட்டும் தாள் முழுக்க இருந்துச்சு. விசிலைப் பார்த்ததும் அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு."

எனக்குச் சிரிப்பை அடக்க மாடிப்படிக் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. "என்ன சொன்னாங்க?"

"இந்தக் கிறுக்கலையா முதலாளிக்குக் காட்டப் போறேன்னாங்க. ஒரு மாதிரிப் படம் கொடுத்திருக்காங்க. இருபத்தெட்டும் இதே மாதிரி வரணுமாம்." பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஏதோ பழைய ஓவியப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். முக்கோணக் கூரை வைத்த வீடு, பின்னால் இரண்டு மலை, மலைக்கு நடுவே சூரியன், பக்கத்தில் ஒரு மரம்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக்கூட முக்கோணக் கூரை கிடையாது. மலை பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் ஒரு நாள் முழுக்கப் போக வேண்டும்.

"பிள்ளைங்க ஒரு வாரத்துல இதை வரையுமா?" என்றேன்.

"வரையாது" என்றாள். ஆறு மணி ஆகிவிட்டது, போனை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை பள்ளியில் யாரும் இல்லை. துணைக்கு வரச் சொன்னாள். இரண்டு உறையில் தையல் பிரிந்திருந்ததைச் சாக்காக வைத்து நானும் போனேன். சாக்கு இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

கடைசியில் எனக்கு அந்தத் திரைகளைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது என்று நினைத்தேன். பாக்கியம் அரைகுறைதான். அவள் ஒரு கட்டத்தை அமுக்குவாள், படம் திறக்கும், ஒரு நிமிடம் பார்ப்பாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் வாளியை எடுத்து வெள்ளையை ஊற்றிவிடுவாள். ஊற்றும்போது 'பளக்' என்று ஒரு சத்தம் வரும். வெள்ளைத் தாள். அதன் மேல் கூரை, மலை, சூரியன், மரம்.

"புதுத் தாள் எடுத்து வரையக் கூடாதாம்மா? அதுங்க படம் அதுபாட்டுக்கு இருக்கட்டுமே."

"புதுசுல பேர் வராதுக்கா. பேர் இருக்கற கட்டம் இது ஒண்ணுதான். வேற கட்டம் எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியாது. புத்தகம் பீரோவுல இருக்கு, பீரோ சாவி அவங்ககிட்ட இருக்கு."

"போய்க் கேளேன்."

"இத்தனை நாளா தெரியாமத்தான் சொல்லிக் கொடுத்தியான்னு கேட்பாங்க."

அதுவும் சரிதான். முதல் படத்துக்கு வெள்ளை ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவதுக்குத் திறந்தே வைத்திருந்தாள். பத்துக்கு மேல் படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பளக், கூரை, மலை, சூரியன். பளக், கூரை, மலை. கை பழகிவிட்டது. பட்டன்துளை போடும்போது எனக்கும் அப்படித்தான் ஆகும்.

"இந்த நத்தை எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"சும்மா அழகுக்கு இருக்கும்க்கா. பிள்ளைங்களுக்குப் பிடிக்குமேன்னு போட்டிருப்பாங்க."

மாலைக்குள் இருபத்தெட்டு வீடும் கட்டி முடித்துவிட்டாள். ஊரில் எந்த மேஸ்திரியும் இந்த வேகத்தில் கட்டியதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குண்டூசி என் மேசையடியில் உட்கார்ந்து துண்டுத் துணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஏன்டி, உங்க கம்ப்யூட்டர்ல ஒரு நத்தை இருக்கே, அது என்ன பண்ணும்?"

"அதை அமுக்கினா படம் மொதல்லேர்ந்து தானா வரையும் பெரியம்மா."

"மொதல்லேர்ந்துன்னா?"

"நாம வரைஞ்சது எல்லாம் வரிசையா வரும். தப்பா வரைஞ்சது, அழிச்சது, எல்லாமே. மெதுவா வரும். அதான் நத்தை. எங்க எல்லாருக்கும் தெரியும். டீச்சருக்குத்தான் தெரியாது."

"ஏன் சொல்லலை?"

"அவங்க கேக்கலையே."

உடனே எழுந்து மாடிக்குப் போனேன். போனேன் என்றால் பாதிப் படி போனேன். மேலே டீச்சர் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் நீ இங்கேதான்டா படிப்பே. அம்மா கிளாஸ்லயேகூட இருப்பே. ஆமா, கம்ப்யூட்டர் இருக்கு. ஆமா, தொடலாம்." அவ்வளவு தெளிந்த குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

கட்டிய இருபத்தெட்டு வீட்டையும் இடித்துவிட்டு மறுபடி என்ன செய்வாள்? புத்தகம் பீரோவில். கண்காட்சி விடிந்தால். நத்தையைப் பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. பிள்ளைகளோ கை கட்டி உட்கார வேண்டும் என்பது விசிலம்மா கட்டளை. யார் அமுக்கப் போகிறார்கள்? இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சமாதானத்துக்கு அடியில் ஒரு ஆசையும் இருந்தது. இருபத்தெட்டு வீட்டு விஷயம், ஒரு வாளி வெள்ளைக்குக் கீழே. யாராவது தவறிப்போய் அமுக்கினால் எப்படியிருக்கும்?

"என்னக்கா?" என்று டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணித் தொட்டி நிரம்பிடுச்சா பாரும்மா" என்றேன். இந்தத் தெருவில் எனக்குத் தெரிந்து நான் சொல்லாமல் விட்ட ஒரே சேதி அந்த நத்தைதான்.

திங்கட்கிழமை கண்காட்சி. கம்ப்யூட்டர் அறையில் பெற்றோர் நாற்காலிகள், முன்னால் முதலாளிக்குச் சோபா, சுவரில் பெரிய திரை. என் உறைகளை நான்காக மடித்து மேசை ஓரம் வைத்திருந்தார்கள். முதலாளி உள்ளே வந்ததும் முதலில் அந்தச் சுருக்கைத்தான் தொட்டுப் பார்த்து, "பிரமாதம்" என்றார். விசிலம்மா வெட்கப்பட்டார். தைத்தவள் நான், வெட்கம் அவருடையது.

பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்திருந்தன. விசிலம்மா தானே மவுஸைப் பிடித்து ஒவ்வொரு கட்டமாகத் திறந்தார். வீடு. அடுத்தது, வீடு. அடுத்தது, வீடு.

"எங்க பையனோட மலை கொஞ்சம் கூர்மையா இருக்கு பாருங்க" என்றார் மருந்துக்கடைக்காரர் பக்கத்து நாற்காலியிடம்.

"எங்க பொண்ணோட சூரியனைப் பாருங்க, என்ன உருண்டை!" என்றார் பாங்கு குமாஸ்தா.

ஏழாவது வீட்டில் முதலாளிக்குக் கொட்டாவி வந்தது. ஒன்பதாவது வீட்டில் இரண்டாவது கொட்டாவி. டீச்சர் சுவரோரம் நின்று கொட்டாவிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவதாகக் குண்டூசியின் கட்டம் திறந்தது. வீடு. முதலாளி தூக்கத்தைக் கலைக்க வேண்டியோ என்னவோ, திரும்பிக் கேட்டார்.

"இது யார் வரைஞ்சது? நீயா? எப்படிப் பாப்பா வரைஞ்சே?"

குண்டூசி கட்டிய கையை அவிழ்க்கவில்லை. கட்டளையை மீறாத பெண். முகவாயை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

"அந்த நத்தையை அமுக்குங்க. எப்படின்னு வரும்."

"நத்தையா?" முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. எழுந்து வந்தார். விசிலம்மாவிடமிருந்து மவுஸை வாங்கி, குழாய் அளவெடுக்கும் விரலால் அமுக்கினார்.

வீடு மறைந்தது. தாள் வெறுமையானது. ஒரு கோடு தானாக ஓடிவந்து சதுரமானது. சதுரத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் கம்பி. ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு வட்டம், வட்டத்தில் கண். கண் பெரிதாகிக்கொண்டே போயிற்று. பிறகு காது. காது ஜன்னலை விட்டு வெளியே வந்து, தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. கடைசியாகக் கையில் ஒரு ஊசியும் நூலும்.

அறையே திரும்பி என்னைப் பார்த்தது. மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கைப்பையில் எதையோ தேடினேன்.

பளக். வெள்ளை. அப்புறம் கூரை, மலை, சூரியன், மரம்.

சிரிப்பு நின்றது. டீச்சரின் முகத்தில் இரத்தம் இல்லை. முதலாளி ஏற்கெனவே பார்த்த ஒரு கட்டத்துக்குத் திரும்பிப் போய் அங்கேயும் நத்தையை அமுக்கினார். இப்போது மருந்துக்கடை. கல்லாவில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்குகிறார், எதிரே வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராகப் படுக்கிறார்கள். மருந்துக்கடைக்காரரின் சிரிப்பு எங்கேயோ போயிற்று. பளக். வீடு. அடுத்தது குமாஸ்தா மகள். அப்பா கட்டிலில், வழுக்கைத் தலையோடு. பக்கத்துச் சுவரில் ஆணி, ஆணியில் அப்பாவின் தலைமுடி. குமாஸ்தாவின் கை தானாகத் தலைக்குப் போய், தொடாமல் திரும்பி வந்தது. பதினைந்து வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், எனக்கே தெரியாது! பளக். வீடு. அடுத்தது ஒரு அம்மாவும் அப்பாவும், நடுவில் சுவர், சுவரில் ஒரு ஓட்டை, ஓட்டை வழியாகப் பிள்ளை இருவருக்கும் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பளக். வீடு.

அடுத்தது வாய். தாள் முழுக்க வாய். வாயில் விசில்.

விசிலம்மா சட்டென்று திரைக்குக் குறுக்கே வந்து நின்றார். படம் அவர் முகத்திலேயே விழுந்தது. வாய் மேல் வாய்.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க ஐயா. ஏதோ மிஷின் கோளாறு."

"கோளாறு இல்லை" என்றாள் குண்டூசி. "எங்க படத்து மேல யாரோ வெள்ளை ஊத்தியிருக்காங்க. நாங்க வீடு வரையவே இல்லை."

"பொய் சொல்றியா? பெரியவங்க முன்னாடி பொய்யா? காதைத் திருகிடுவேன்!" என்று விசிலம்மா கையை ஓங்கிக்கொண்டு போனார்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டிய பெரியம்மா நான்தான், ஆனால் அந்தக் காதுப் படத்துக்குப் பிறகு எனக்குக் கால் வரவில்லை. டீச்சர் சுவரோரத்தை விட்டு வந்தாள். குண்டூசிக்கு முன்னால் நின்றாள்.

"பொய் இல்லைங்க ஐயா. முதல்ல வர்றதுதான் பிள்ளைங்க வரைஞ்சது. வெள்ளை ஊத்தினது நான். வீடெல்லாம் நான் வரைஞ்சது. இருபத்தெட்டும்."

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா ஐயா! இந்தப் பொண்ணை நம்பி வகுப்பைக் கொடுத்தேன்" என்று விசிலம்மா ஒரே தாவலில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

முதலாளி திரையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். டீச்சரின் கை போனை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் மகனுக்குச் சாயங்காலம் என்ன சொல்வதென்று இப்போதே யோசிக்கிறாள் என்று எனக்குப் பட்டது. மாடிப்படியில் பாதியில் திரும்பியவள் நான்.

"இருபத்தெட்டையும் நீயேவா உட்கார்ந்து அழிச்சு, நீயே வரைஞ்சே?" என்றார் முதலாளி.

"ஆமாங்க."

"லீவு நாள்லயா?"

"ஆமாங்க."

முதலாளி பெற்றோர் பக்கம் திரும்பினார். "பார்த்துக்குங்க! இதுக்குப் பேருதான் டீச்சர். பிள்ளை கிறுக்கும். அதை அழிச்சுட்டு நாம சரியாப் போட்டுக் கொடுக்கணும். வேற என்னங்க படிப்பு? நான் ஸ்கூல் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதைத்தான் சொல்றேன். அதைக் கண்ணால பார்க்கிற மாதிரி ஒரு மிஷினே வந்துடுச்சு!"

முதலில் கை தட்டியவர் குமாஸ்தா. ஆணியில் தொங்கிய தலைமுடிக்கு மேல் வெள்ளை விழுந்ததில் அவரைவிடச் சந்தோஷப்பட்டவர் அந்த அறையில் யாருமில்லை. பிறகு மருந்துக்கடைக்காரர். பிறகு சுவர்ப் படத்து அம்மா ஒரு மூலையிலிருந்து, அப்பா இன்னொரு மூலையிலிருந்து. எல்லோரும் தட்டினார்கள். எங்கள் தெரு அவ்வளவு ஒற்றுமையாக எதற்கும் கை தட்டியதில்லை.

"மாதிரிப் படம் நான்தாங்க ஐயா கொடுத்தேன்" என்று விசிலம்மா அடுத்த தாவலில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்.

"ஐயா, நான் சொல்றது…" என்றாள் டீச்சர்.

"எதுவும் சொல்லாதேம்மா. எங்கே அந்த உத்தரவு?"

சோபா கைப்பிடியிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அடுத்த வருஷம் ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணு வகுப்புக்கும் கம்ப்யூட்டர் உன் பொறுப்பு" என்றார். நத்தையை ஆசையாக இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் டீச்சர் உத்தரவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கிடைச்சுடுச்சே, சிரியேம்மா."

"மூணு வகுப்புக்கா. எண்பத்துநாலு வீடு" என்றாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்கு நத்தை தெரியுமாக்கா?"

குண்டூசி இருக்கும் வீட்டில் பொய் சொல்ல முடியாது. "ஞாயித்துக்கிழமைதான் தெரியும்" என்றேன்.

"தண்ணித் தொட்டி" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நான் ஜன்னல் திரையை மூடியே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் இருட்டில் ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன், அதனால் திறந்தேன். குண்டூசியிடம் அந்தக் காதை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்லிக் கேட்டேன். "சின்னதாக்கினா நீங்கன்னு யாருக்கும் தெரியாதே பெரியம்மா" என்றாள்.

புது வருடம் பிறந்தது. விளக்கப் புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்து டீச்சர் கையில் கொடுக்கும்படி முதலாளியே சொல்லிவிட்டார். அவள் அதை ஒரே வாரத்தில் படித்து முடித்தாள். புதுக் கட்டம் போடவும் அதற்குப் பெயர் வைக்கவும் கற்றுக்கொண்டாள். இப்போது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு வீடு தயாராக நிற்கிறது. முக்கோணக் கூரை, மலை, சூரியன், மரம். வராந்தாவில் விசிலம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஒரு விசையைத் தட்டுகின்றன, பத்துத் திரையிலும் வீடு வந்து நிற்கிறது. "விருந்தாளி வந்தா வீட்டைக் காட்டறது மரியாதை" என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறாளாம். விசிலம்மா தலையாட்டிவிட்டுப் போவார். செருப்புச் சத்தம் தேய்ந்ததும் வீடுகள் போய், நாயும் தலைமுடியும் வாயும் திரும்பி வரும்.

போன வாரம் டீச்சரின் மகன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். அவனுக்கு அன்றுதான் முதல் கம்ப்யூட்டர் பாடம். ஜன்னலோரத் திரை அவனுடையது. மேகமாக இருந்ததால் கண்ணாடி பளபளக்கவில்லை, எனக்கு எல்லாம் தெரிந்தது. நீளவாக்கில் ஒரு பெட்டி வரைந்தான். பெட்டியின் அடியில் ஒரு பட்டன். பெட்டிக்குள் ஒரு முகம், மாடிப்படிக் கம்பி, கம்பிக்குப் பின்னால் சாயங்காலம். அவன் அம்மாவை அவன் இத்தனை நாளும் எதில் பார்த்தானோ அதிலேயே வரைந்திருந்தான்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்பது திரையில் வீடு வந்தது. அவனுக்கு எந்த விசை என்று தெரியவில்லை, அம்மாவின் முகத்துக்கு மூக்கு வைத்துக்கொண்டிருந்தான். டீச்சர் போய் அவன் திரையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கே என்ன?" என்றார் விசிலம்மா வாசலிலிருந்து.

"வீடுதாங்க மேடம்" என்றாள் டீச்சர்.

விசிலம்மா தலையாட்டிவிட்டுப் போனார். நான் பார்த்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.